நதி தூங்கிவிட்டதா?

பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறார்கள். அக்கரைக்குப் போகவேண்டும். குருவுக்கு ஒரு பயம். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆளை விழுங்கிவிடும். தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கவேண்டும். ஒரு சீடன் எரிகிற கொள்ளிக்கட்டையோடு போய் அதைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்ர்ர்' என்று சத்தம். குபுகுபுவென்று புகை. அய்யய்யோ, ஆறு முழிச்சுக்கிட்டு இருக்கு! அலறியடித்து ஓடி வந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன் போகிறான். அவன் கையில் இருப்பதும் அதே கட்டைதான். ஏற்கெனவே நனைந்து அணைந்துபோன கட்டை. தண்ணீரில் விட்டான். சத்தமில்லை. புகையில்லை. அப்பாடா, தூங்கிருச்சு! எல்லோரும் பூனை மாதிரி இறங்கி அக்கரை சேர்ந்தார்கள்.

கரையேறியதும் தலை எண்ணுகிறார்கள். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினான். ஐந்து! இன்னொருவன் எண்ணினான். அவனும் தன்னை எண்ணவில்லை. அப்போதும் ஐந்து! ஆறு பேரில் ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். அந்த வழியாக வந்த ஒருத்தன் இவர்களுடைய லட்சணத்தைப் புரிந்துகொண்டு, 'காணாமல் போனவரை மந்திரத்தால் வரவழைக்கிறேன்' என்று காசு பேசிக்கொண்டான். கையில் தடி. ஒவ்வொரு முதுகிலும் ஒரு போடு. அடி வாங்கியவர் தன் பேரைச் சொல்லவேண்டும். ஆறு அடி, ஆறு பேர். கணக்கு சரியாகிவிட்டது.

சின்ன வயதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். தப்பில்லை. ஆனால், வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை வயர் போட்டு இணைத்துவிட்டு, இதற்கு அது தெரியாமல், அதற்கு இது தெரியாமல், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் யாராக இருந்தாலும் அந்தச் சீடர்களைக் கொஞ்சம் மரியாதையோடுதான் நினைத்துப் பார்க்கவேண்டும். ஏனென்றால், அவர்கள் செய்த அத்தனை தவறுகளையும் உலகத்தின் மகா புத்திசாலி என்ஜினீயர்களும் செய்திருக்கிறார்கள். அந்தத் தவறுகளைத் திருத்திய கதைதான் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட கதை.

அதைப் பார்க்கும் முன், பரமார்த்த குரு கதையை எழுதியவரைப் பார்த்துவிடுவோம்.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. ஒரு காலத்தில் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2007-லிருந்து அரியலூர் மாவட்டம். அங்கே இருக்கும் அடைக்கல மாதா கோயிலைத் தெரிந்தவர்கள் அதிகம். அதைக் கட்டியவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார். 1680-ல் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருடம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவர், ஏலாக்குறிச்சியைத் தன் இருப்பிடமாக வைத்துக்கொண்டு பல வருடங்கள் வாழ்ந்தார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் கொடுத்தார். அதன் மீது கலம்பகமும் பாடினார்.

தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி என்று அவருடைய பெரிய படைப்புகளை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பரமார்த்த குரு கதை அவருடைய சின்ன வேலை. அது 1822-ல்தான் லண்டனில், பெஞ்சமின் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகி வெளியே வந்தது. ஆனால் இவற்றை எல்லாம்விட நாம் தினமும் பயன்படுத்துகிற ஒன்றை அவர் கொடுத்திருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது கலிஃபோர்னியா.

1969-ம் வருடம். அக்டோபர் 29. இரவு மணி பத்தரை. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு அறை. லியோனார்ட் கிளைன்ராக் என்ற பேராசிரியரின் ஆய்வகம். அவருடைய மாணவர் சார்லி கிளைன் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், மென்லோ பார்க்கில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் பில் டுவால். நடுவில் ஒரு வாடகைத் தொலைபேசி இணைப்பு. ஆர்பாநெட் என்று பெயர் வைக்கப்பட்ட வலையின் முதல் இரண்டு முனைகள். பின்னால் இன்டர்நெட் என்று உலகத்தையே வளைக்கப்போகிற சங்கதிக்கு அன்றைக்கு இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்கள்தான்!

திட்டம் ரொம்ப எளிமை. இந்தப் பக்கத்திலிருந்து 'லாகின்' என்ற வார்த்தையை அடிக்கவேண்டும். அந்தப் பக்கத்து இயந்திரம் உள்ளே விடவேண்டும். அவ்வளவுதான். கிளைன் 'எல்' அடித்தார். பக்கத்தில் இருந்த டெலிபோனில், 'எல் வந்துச்சா?' என்று கேட்டார். 'வந்துச்சு.' 'ஓ' அடித்தார். 'ஓ வந்துச்சா?' 'வந்துச்சு.' 'ஜி' அடித்தார்...

அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

ஆக, ஆர்பாநெட்டின் முதல் செய்தி 'லோ'. வெறும் இரண்டு எழுத்து. கவனியுங்கள். அந்த வலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் முதன்முதலாகப் பேச ஆரம்பித்ததும், அவற்றுக்கு நடுவே முதல் கோளாறு வந்ததும் ஒரே நிமிடத்தில் நடந்திருக்கிறது.

கோளாறு எங்கே? வயரில் இல்லை. வயர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சிக்கல் எதிர்பார்ப்பில். 'எல்', 'ஓ', 'ஜி' என்று மூன்று எழுத்து வந்ததுமே, 'ஓஹோ, இவர் லாகின் என்றுதான் அடிக்கப்போகிறார்' என்று புரிந்துகொள்ளும் சமர்த்து ஸ்டான்ஃபோர்ட் இயந்திரத்துக்கு இருந்தது. ஆகவே மிச்சம் இருந்த எழுத்துகளையும் சேர்த்து மொத்தமாகத் திருப்பி அனுப்பப் பார்த்தது. ஆனால், இணைப்புக்காக எழுதப்பட்ட நிரலோ, ஒரு நேரத்துக்கு ஒரு எழுத்துதான் வரும் என்று நம்பி அதற்கு மட்டும்தான் இடம் ஒதுக்கி வைத்திருந்தது. ஒருத்தர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தால்? அதுதான் நடந்தது. டுவால் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மறுபடி முயன்றார்கள். இந்த முறை முழு வார்த்தையும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையில் ஹீரோ யார் என்று கேட்டால், அந்த டெலிபோனைத்தான் சொல்லவேண்டும். சோதிக்கப்படுகிற பாதை ஒன்று. அது வேலை செய்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, அதைச் சாராத இன்னொரு பாதை. 'எல் வந்துச்சா?' என்று கம்ப்யூட்டர் வழியாகவே கேட்டிருந்தால், கேள்வியும் சேர்ந்து செத்திருக்கும். எது உடைந்திருக்கிறதோ அதை வைத்தே அது உடைந்திருக்கிறதா என்று பார்க்கமுடியாது. அணைந்த கொள்ளிக்கட்டையை வைத்து ஆற்றைச் சோதித்த சீடன் செய்தது இதைத்தான். சோதிக்கிற கருவி முதலில் உயிரோடு இருக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் பக்கத்திலேயே டெலிபோன் வைத்துக்கொண்டு உட்காரமுடியுமா? ஆர்பாநெட் வளர்ந்தது. கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கை நூறுகளைத் தொட்டது. 1983 ஜனவரி முதல் தேதி, வலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் டிசிபி/ஐபி என்ற பொது விதிமுறைக்கு மாறின. நாம் இன்றும் பயன்படுத்துவது அதைத்தான். புது விதிமுறை என்றால் புதுத் தலைவலிகள் இல்லாமல் இருக்குமா?

அதே வருடம் டிசம்பர். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவருக்கு அப்படி ஒரு தலைவலி. அவர்களுடைய நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே ராத்திரியில் ஒரு சின்ன நிரலை எழுதினார். அது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டிப் பொட்டலத்தை அனுப்பி, 'இருக்கியா?' என்று கேட்கும். அது, 'இருக்கேன்' என்று அதே பொட்டலத்தைத் திருப்பி அனுப்பவேண்டும். போய்வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று திரையில் காட்டும்.

நீர்மூழ்கிக் கப்பல்கள் தண்ணீருக்கடியில் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து எதிரே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்குமே... அந்த ஒலியின் பெயரையே மூஸ் தன் நிரலுக்கும் வைத்தார். 'பிங்'. இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் வேண்டுமானாலும் கறுப்புத் திரையைத் திறந்து அந்தப் பெயரையும் ஒரு முகவரியையும் அடித்துப் பாருங்கள், வேலை செய்யும். தன் வாழ்நாளின் மிகப் பிரபலமான சாதனை இதுவாகத்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், இன்னும் ஓரிரு நாள் உட்கார்ந்து கூடுதல் வசதிகள் சேர்த்திருப்பேன் என்று பிற்பாடு மூஸ் வேடிக்கையாக எழுதினார். 2000-ல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.

பிங்கை வைத்து ஒருவர் செய்த காரியம் ரொம்பப் பிரசித்தம். அந்தக் காலத்து ஈதர்நெட்டில் ஒரே தடிமனான கேபிள் கட்டடம் முழுக்க ஓடும். வழியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில் தொற்றிக்கொள்ளும். நம்முடைய சீரியல் லைட் மாதிரி. ஒரு இடத்தில் இணைப்பு லூஸானால் ஒட்டுமொத்தமாகக் கெட்டது குடி. எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு முனையாகப் போய் அசைத்துப் பார்க்கலாம். ஆனால் அசைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்க்க ஓடி வரவேண்டும். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பிங்குக்குப் பதில் வரும்போதெல்லாம் 'பிங்' என்று வாய்விட்டுச் சொல்லும்படி கம்ப்யூட்டரைப் பழக்கினார். அதை அறையில் இருந்த ஸ்டீரியோவில் இணைத்து சத்தத்தை முழுசாக வைத்தார். 'பிங்... பிங்... பிங்...' கட்டடம் பூரா கேட்கிறது. இவர் ஒவ்வொரு அறையாகப் போய் இணைப்புகளை அசைத்துக்கொண்டே வருகிறார். ஒரு இடத்தில் கை வைத்ததும் சத்தம் நின்றது. ஆள் அகப்பட்டான்!

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டாவது கம்ப்யூட்டர் நுழைந்தது பெரும்பாலும் பிராட்பேண்டுக்குப் பின்னால்தான். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. பழைய கம்ப்யூட்டர் பிள்ளைக்கு, புதுசு அப்பாவுக்கு. ஒரே இணைப்பை, ஒரே பிரின்டரை, ஒரே போட்டோ ஃபோல்டரை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். அங்கே ஆரம்பித்தது ரோதனை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்து நாலு பட்டனைத் தட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. தடியால் அடித்துக் கணக்கைச் சரிசெய்த வழிப்போக்கன் மாதிரி!

அவர் செய்தது மந்திரம் இல்லை. வரிசை. அந்த வரிசைக்குள் ஒவ்வொரு படிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

முதல் படி, தன்னை எண்ணுவது. சீடர்கள் கோட்டைவிட்ட இடம். எல்லோரும் எடுத்தவுடன் எதிர் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவார்கள். தன்னுடையது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கமாட்டார்கள். இதற்காகவே 127.0.0.1 என்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் அதற்கு 'நானேதான்' என்று அர்த்தம். அந்த முகவரிக்கு பிங் செய்தால் செய்தி வயருக்கே போகாது. உள்ளேயே சுற்றித் திரும்பி வரும். வரவில்லையா? அடுத்த அறைக்குப் போகாதீர்கள். கோளாறு உங்கள் மடியில்தான் இருக்கிறது.

இரண்டாவது, வயர். ஈதர்நெட்டை உருவாக்கியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும். மெட்காஃப் அதற்கான குறிப்பை எழுதியது 1973 மே மாதம். பின்னால் வந்த எட்டு இழை கேபிளில், பேசுவதற்கு ஒரு ஜோடி, கேட்பதற்கு ஒரு ஜோடி. கம்ப்யூட்டரையும் நடுவில் இருக்கும் பெட்டியையும் இணைக்கும்போது சிக்கலில்லை. ஒன்றின் வாய் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் காது இருக்கும்படி பெட்டியைச் செய்திருந்தார்கள். ஆனால் காசு மிச்சம் பிடிக்க இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக அதே வயரால் இணைத்தால்? வாயோடு வாய், காதோடு காது! இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கும் கேட்காது. அதற்காகத்தான் ஜோடிகளை இடம் மாற்றிய 'கிராஸ் கேபிள்' என்று ஒன்று கடைகளில் தனியாக விற்றது. பிறகு வந்த கருவிகள் வாயையும் காதையும் தாங்களே இடம் மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. ரிச்சி தெருவில் அந்த வயரைக் கேட்டு வாங்குகிற தேவையும் குறைந்துபோனது.

மூன்றாவது, முகவரி. 1996 பிப்ரவரியில் ஒரு விதி எழுதினார்கள். 192.168 என்று ஆரம்பிக்கும் எண்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியுலகத்தில் அவை செல்லாது. மேலத்தெரு மாதிரி. எல்லா ஊரிலும் மேலத்தெரு இருக்கிறது. குழப்பமா வருகிறது? ஒரே வீட்டில் ஒன்றுக்கு 192.168.1.5, இன்னொன்றுக்கு 192.168.2.5 என்று கொடுத்துவிட்டால்தான் குழப்பம். வழக்கமான அமைப்பில் மூன்றாவது எண் தெருப் பெயர் மாதிரி. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கம்ப்யூட்டரை, 'அது வேற தெரு, எனக்குத் தெரியாது' என்று இது சொல்லிவிடும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாலும் ஆபத்து. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

169.254 என்று ஆரம்பிக்கும் எண் தெரிந்தால் அது ஒரு முனகல். 'எனக்கு முகவரி கொடுக்கவேண்டிய ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லலை, நானா ஒரு பேர் வெச்சுக்கிட்டேன்' என்று அர்த்தம். அப்போது முகவரி கொடுக்கும் பெட்டியையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்கவேண்டும்.

நான்காவதுதான் ரொம்பப் பேரை அழவைத்தது. எல்லாம் சரி. பிங் செய்தால் மட்டும் பதில் இல்லை. செத்துவிட்டதா? இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் கதவைத் தட்டாமல் புகுந்து நாசம் செய்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பி இரண்டாவது சர்வீஸ் பேக், ஃபயர்வால் என்ற காவல்காரனைக் கேட்காமலே வாசலில் நிறுத்தியது. முன்பும் அந்தக் காவல்காரன் இருந்தான், தூங்கிக்கொண்டு. இப்போது விழித்துக்கொண்டான். திருடனைத் தடுத்தான். கூடவே, 'இருக்கியா?' என்று கேட்ட அடுத்த அறைக் கம்ப்யூட்டரையும் தடுத்தான்.

சீடர்கள் ஆற்றில் செய்த முடிவு இங்கே நினைவுக்கு வரவேண்டும். சத்தம் வரவில்லை என்பதற்கு ஆறு தூங்குகிறது என்று அர்த்தம் இல்லை. பதில் வந்தால் உயிர் இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். பதில் வராவிட்டால் எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் நல்ல கேபிளை வெட்டி எறிந்தவர்கள், நல்ல கார்டை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

ஐந்தாவது, பாஷை. பிங் போகிறது, வருகிறது. ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியது. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸ் பேசிய பழைய பாஷை ஒன்றில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது புகுந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய பாஷை இல்லாமலே வந்தது. எக்ஸ்பிக்கோ அது ஒன்றுதான் தெரியும். விளைவு? ஒரே வீட்டில் தாத்தா கம்ப்யூட்டரும் பேரன் கம்ப்யூட்டரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தன. பழுது எதுவும் இல்லை. இருவருக்கும் தெரிந்த ஒரு பாஷை இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கிறீர்கள். தமிழில் எழுதிய கடிதம். ஆனால் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக, குழந்தை கீபோர்டில் உட்கார்ந்த மாதிரி!

1990-களிலும் 2000-களிலும் தமிழில் தட்டச்சு செய்த எல்லோருக்கும் இந்த அதிர்ச்சி பழக்கம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஆங்கிலத்துக்கு எந்த எண் எந்த எழுத்து என்று 1960-களிலேயே பேசி முடித்துவிட்டார்கள். தமிழுக்கு அப்படி ஒரு பேச்சு நடக்கும் முன்னால் ஆளாளுக்கு எழுத்துரு செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் வேறு இடம். எழுதியவர் வைத்திருந்த எழுத்துரு படிப்பவரிடம் இல்லாவிட்டால், வயர், முகவரி, பிங் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தும் கடிதம் போய்ச் சேராது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்களையும், தமிழ்99 விசைப்பலகையையும் முடிவு செய்தார்கள். அதே காலத்தில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். 1991-ல் முதல் பதிப்பு வந்தபோதே தமிழையும் சேர்த்துக்கொண்ட யூனிகோட் இன்னொரு பக்கம். கடைசியில் 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இதற்கு நடுவில் எழுதப்பட்ட கதைகள், கட்டுரைகள், கல்யாணப் பத்திரிகைகள், கணக்கு வழக்குகள்? மாற்றி எடுத்தவர்களுக்குப் பிழைத்தன. மற்றவை பழைய ஹார்ட் டிஸ்க்குகளில், எண்களாக மட்டும் உயிரோடு கிடக்கின்றன.

இப்போது ஏலாக்குறிச்சிக்குத் திரும்பலாம். ஏனென்றால், எழுதியவர் ஒன்று நினைக்க, படித்தவர் வேறொன்று படிக்கும் இதே கோளாறைத்தான் வீரமாமுனிவர் அங்கே எதிர்கொண்டார்.

அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் 'எ' என்பதற்கும் 'ஏ' என்பதற்கும் வித்தியாசம் கிடையாது. 'ஒ', 'ஓ'வும் அப்படியே. பழைய இலக்கணப்படி வித்தியாசம் உண்டு. குறில் என்றால் மேலே புள்ளி, நெடில் என்றால் புள்ளி இல்லை. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள் என்பார்கள். மெய்யெழுத்துக்கு வைக்கவேண்டிய புள்ளிக்கும் அதே கதிதான். ஓலையில் 'பெய' என்று இருந்தால் அது 'பெய்'யா, 'பேய்'ஆ? மழையா, பிசாசா? 'தென்'னா, 'தேன்'ஆ? 'கொள்'ளா, 'கோள்'ஆ? படிப்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.

தமிழிலேயே பிறந்து வளர்ந்த புலவருக்கு இது ஒரு பிரச்னையாகவே தெரிந்திருக்காது. முன்னும் பின்னும் பார்த்துக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். முப்பது வயதில் வந்து தமிழைக் கற்றுக்கொண்ட இத்தாலிக்காரருக்கு அப்படி நிரப்பிக்கொள்ள எதுவும் இல்லை. எழுதியிருப்பதுதான் அவருக்குக் கிடைத்த மொத்தமும். அந்த விதத்தில் கம்ப்யூட்டர் மாதிரிதான். ஊர்க்காரருக்குத் தெரியாத பழுது வெளியூர்க்காரருக்குத் தெரிந்தது. போதாக்குறைக்கு அவர் செய்துகொண்டிருந்தது அகராதி வேலை. 1732-ல் முடிந்த சதுரகராதியில் வார்த்தைகள் எழுத்து வரிசையில் நிற்கின்றன. அதற்குமுன் இருந்த நிகண்டுகளைப் போலப் பாட்டாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தேடி எடுத்துக்கொள்ளலாம். 'எ'வும் 'ஏ'வும் ஒரே மாதிரி இருந்தால் எந்தப் பக்கத்தில் தேடுவது?

அவர் செய்த மாற்றம் மிகச் சின்னது. புள்ளியை மறந்துவிடுங்கள். குறில் வெறும் கொம்போடு இருக்கட்டும். நெடிலுக்கு அந்தக் கொம்பின் தலையில் ஒரு சுழி. 'பெ', 'பே'. 'கொ', 'கோ'. தனி உயிரெழுத்திலும் கூடுதல் கோடு நெடிலுக்கே. சுழி ஓலையைக் குத்தாது, எழுத்தாணி வளைந்து போனால் போதும். இன்னொரு புத்திசாலித்தனமும் இதில் இருக்கிறது. சுழியைப் பற்றி ஒன்றுமே தெரியாத பழைய ஆள் ஒருவர் இந்த ஓலையை எடுத்தாலும் குடி முழுகிவிடாது. சுழியை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல ஊகித்துப் படித்துவிட்டுப் போவார். தெரிந்தவருக்குக் கூடுதல் லாபம், தெரியாதவருக்கு நஷ்டமில்லை. எக்ஸ்பியையும் விண்டோஸ் 10-ஐயும் ஊமையாக உட்காரவைத்த மாதிரி இல்லை!

அன்றைக்கே எல்லோரும் மாறிவிடவில்லை. மறுபக்கமும் ஒப்புக்கொண்டால்தானே இணைப்பு? அவர் 1747-ல் காலமானார். அச்சு பரவப் பரவ, மெல்ல மெல்லத்தான் அந்தச் சுழி எல்லோருடையதும் ஆனது. இன்று முதல் வகுப்புப் பிள்ளை அதை யாருடையது என்று தெரியாமலே போடுகிறது.

யூனிகோட் பட்டியலில் 'எ'வுக்கு எண் 2958. 'ஏ'வுக்கு 2959. வெறும் கொம்புக்கு 3014. சுழித்த கொம்புக்கு 3015. ஏலாக்குறிச்சி என்று ஒரு கம்ப்யூட்டரில் அடித்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் முதலில் போவது 2959. அந்தப் பக்கம் யாரும் யோசிக்கவேண்டியதில்லை, ஊகிக்கவேண்டியதில்லை. எலாக்குறிச்சியா, ஏலாக்குறிச்சியா என்று போனில் கேட்கவேண்டியதும் இல்லை. அனுப்பியது 'ஏ'. வந்து சேர்வதும் 'ஏ'.